தூளியும் தொங்குபடுக்கையும்: மெல்லிய துணியைத் தேர்ந்து தைக்கும் முறை

பழைய நூல்சேலை ஒன்றை இரண்டாக மடித்து உத்திரத்தில் முடிந்துவிட்டால் தூளி. அதே துணியை இரண்டு மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டினால் தொங்குபடுக்கை. கடைகளில் ‘ஹேமக்’ என்ற பெயரில் விற்பனையாவது இதுதான். யாழ்ப்பாணத்தார் ஏணை என்றும் மற்ற ஊர்க்காரர்கள் தூளி, தொட்டில் என்றும் சொல்லும் இந்த அமைப்பு தமிழ் வீடுகளுக்குப் புதியதல்ல. ஆனாலும் தூளி கட்டிப் பழகிய கைகள் தொங்குபடுக்கையில் தவறு செய்வதுண்டு. வடிவம் ஒன்று போலத் தெரிந்தாலும் துணி சுமக்கும் பாரம் ஒன்றல்ல.

தூளி ஒற்றை முடிச்சில் நேர்க்கீழாகத் தொங்குகிறது. எட்டுக் கிலோ குழந்தை படுத்தால் முடிச்சில் விழுவதும் எட்டுக் கிலோதான். தொங்குபடுக்கையின் கயிறுகள் இருபுறமும் சாய்வாகப் போவதால் இழுவிசை சாய்வைப் பொறுத்து ஏறும், இறங்கும். எழுபது கிலோ உள்ளவர் படுத்திருக்கும்போது கயிறு தரைமட்டக் கோட்டிலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் எழுபது கிலோ இழுவிசை உண்டாகும். அழகாக இருக்கட்டும் என்று விறைப்பாகக் கட்டி, ஆள் படுத்த பிறகும் சாய்வு 10 பாகைதான் என்றால் அது இருநூறு கிலோவைத் தொடும். 5 பாகையில் நானூறு. கட்டில் போல நீட்டாக இழுத்துக் கட்டிய தொங்குபடுக்கைகள் முதல் நாளே கிழிவது இதனால்தான். பழி துணியின் மேல் விழுகிறது. குற்றம் கட்டிய கோணத்தில் இருக்கிறது.

தூளிக்குப் பழைய சேலையைத் தேடுவதற்குக் காரணம் உண்டு. பல வருடம் துவைத்ததில் கஞ்சி போய், நூல் பஞ்சு போல மென்மையாகி, குழந்தையின் தோலில் உரசாது. அப்படி மென்மையானதே நூல் வலுவிழந்ததற்கும் அடையாளம். குழந்தைக்கு அது போதும், பெரியவருக்குப் போதாது. தூளியிலிருந்து வடிவத்தை எடுத்துக்கொள்ளலாம், துணியை எடுக்கக் கூடாது.

இந்த வட்டாரம் கேட்கும் துணி

சிவகாசிக்கும் விருதுநகருக்கும் இடைப்பட்ட பகுதியில், அர்ச்சுனா நதியின் குறுக்கே கட்டப்பட்ட அணையை ஒட்டி இருக்கிறது ஆனைக்குட்டம். சுற்றிலும் கரிசல் காடு. சீமைக் கருவேல முள், நடுப்பகல் வெயில், வியர்வை, நீர்ப்பரப்பை ஒட்டிய கொசு, அக்கம்பக்கத்தில் பட்டாசு ஆலைகள் என்று எல்லாம் ஒரே இடத்தில் உள்ளன. மேலைநாட்டு முகாம் நூல்கள் எடையை முதல் கேள்வியாக வைக்கும். முதுகில் சுமந்து பல நாள் மலையேறுபவருக்கு அது சரி. இரு சக்கர வண்டியின் பின்சீட்டில் கட்டிக்கொண்டு கரைக்குப் போகிறவருக்கு இருநூறு கிராம் கூடினால் நட்டமில்லை. இங்கே முதலில் கேட்க வேண்டியவை நெருப்பும் முள்ளும் வியர்வையும். எடை அதற்குப் பிறகு.

நெருப்பிலிருந்து தொடங்கலாம். நைலானும் பாலியஸ்டரும் எரிவதற்கு முன்பே உருகும். நைலானில் பரவலாகப் புழங்கும் ரகம் ஏறத்தாழ 220 பாகை செல்சியஸிலும் பாலியஸ்டர் 255 பாகையை ஒட்டியும் உருகி, தோலில் ஒட்டிக்கொள்ளும். மத்தாப்பின் ஒரு பொறி மெல்லிய நைலானில் விழுந்தால் கண் இமைக்கும் நேரத்தில் மிளகளவு ஓட்டை விழும். ஓட்டையின் ஓரம் கெட்டியாகிவிடுவதால் ஒன்றும் ஆகவில்லை என்றே தோன்றும். பாரம் ஏறும்போது கிழிசல் அங்கிருந்துதான் கிளம்பும். பருத்தி உருகாது. பொறி பட்ட இடம் கருகி, ஊதினாலோ தட்டினாலோ பெரும்பாலும் அணைந்துவிடும். தட்டாமல் விட்டால் உள்ளுக்குள் கனன்றுகொண்டே போகும் என்பது பருத்தியின் குறை.

நிலைமின்சாரம் அடுத்தது. பட்டாசு ஆலைக்குள் தொழிலாளர்கள் பருத்தி உடைதான் உடுத்த வேண்டும் என்ற விதி இந்த வட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செயற்கை இழைத் துணி உடலில் உரசும்போது சேரும் மின்னேற்றம் பாய்ந்தால், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொறியே மருந்துக் கலவைக்குப் போதும். நைலான் தொங்குபடுக்கை உரசலுக்கென்றே செய்தது போல ஆடிக்கொண்டிருக்கும். ஆகவே ஆலை வளாகத்துக்குள்ளோ வெடிமருந்து வைத்த கிடங்கு அருகிலோ, சாப்பாட்டு நேரத்து வேப்ப மர நிழலிலும்கூட, செயற்கை இழைப் படுக்கையைக் கட்டக் கூடாது. அதில் படுத்தெழுந்த நைலான் சட்டையோடு வேலைக்குள் போவதும் அதே தவறுதான். நைலானா பருத்தியா என்ற கேள்விக்கு வேறெந்த ஊரிலும் வசதி, விலை என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கலாம். இங்கே முதல் பதில் கட்டும் இடம்.

துணி வகைகள்

தொங்குபடுக்கைக்குச் சரிப்படும் துணிகளை மூன்று கூட்டமாகப் பார்த்தால் போதும்.

காடா துணி எளிதில் கிடைக்கும். வெளுக்காத, சாயம் போடாத இந்தப் பருத்தித் துணிக்கு விருதுநகர் மாவட்டத்துக்காரர் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. ராஜபாளையம் நூற்பாலைகளுக்குப் பெயர்போனது. அதன் அருகிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அருப்புக்கோட்டையில் தறிச் சத்தம் இன்னும் கேட்கிறது. ஆனால் பேண்டேஜ் துணி, மல் துணி ஆகிய இடைவெளி விட்டு நெய்த ரகங்கள் படுக்கைக்கு ஆகாது. நெருக்கமாக நெய்த, சதுர மீட்டருக்கு 120 முதல் 150 கிராம் எடையுள்ள காடாதான் வேண்டும். காடா துணி காற்றை விடும், வியர்வையை வாங்கும். பருத்தி நனைந்தால் வலு குறையாமல் சற்றுக் கூடவே செய்யும். நனைந்தபடி சுருட்டி வைத்தால் மட்டும் இரண்டே நாளில் பூஞ்சை கரும்புள்ளி குத்தும். அதன்பின் அந்தத் துணியை நம்பக் கூடாது.

எட்டு முழ வேட்டியைப் பார்த்ததும் பலருக்கு ஆசை வரும். நீளம் மூன்றரை மீட்டருக்கு மேல், அகலமும் போதும், ஓரத்தில் கரை வேறு இருக்கிறது. அளவு அச்சு வார்த்தது போலப் பொருந்துகிறது என்பது உண்மைதான். ஆனால் வேட்டி உடுத்துவதற்காக மெல்லிய நூலில் நெய்தது, ஆளைத் தாங்குவதற்காக நெய்ததல்ல. ஒற்றை வேட்டியில் பெரியவர் படுக்கக் கூடாது. இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்தாலும் செலவு நல்ல காடாவைத் தாண்டிவிடும்.

இரண்டாவது கூட்டம் நைலான். கடைக்காரர்கள் ‘பாராசூட் துணி’ என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் பட்டுக்குப் பதிலாக நைலானில் பாராசூட் தைத்ததால் வந்த பெயர் அது. அந்தப் பெயரில் இன்று விற்பது எல்லாமே நைலான் என்று எண்ணிவிடக் கூடாது. பை, குடை, மழைக்கோட்டுக்கான மலிவு பாலியஸ்டரும் அதே பெயரில்தான் வருகிறது. தேட வேண்டியது 70 டெனியர் நூலில் நெய்த, பூச்சு இல்லாத நைலான். ‘ரிப்ஸ்டாப்’ கிடைத்தால் இன்னும் நல்லது. சில மில்லிமீட்டருக்கு ஒரு முறை பாவிலும் ஊடையிலும் தடித்த நூலை ஓடவிட்டு, கட்டம் கட்டமாகத் தெரியும் நெசவு அது. முள் குத்தி விழுந்த கிழிசல் அந்தத் தடித்த நூலில் முட்டி நின்றுவிடும். கருவேலங்காட்டுக்குப் போகிறவர் கூடக் கொஞ்சம் விலை கொடுக்கத் தகுந்த ஒரே வசதி இதுதான்.

நைலான் இழுபடும், ஆளைத் தாங்கி மெத்தென்று குழியும். ஈரத்தில் இன்னும் இழுபடும். மாலையில் இடுப்பளவு உயரத்தில் கட்டியது விடியற்காலைப் பனியில் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருக்கும். மூன்றாவது கூட்டமான பாலியஸ்டர் அந்த அளவுக்கு ஈரம் குடிக்காது, இழுபடாது, வெயிலில் நைலானைவிட அதிக நாள் தாங்கும். படுக்கும்போது மட்டும் சற்று விறைப்பாக இருக்கும். கோடை மாதங்களில் பகல் முழுக்க வெளியில் கட்டி வைக்கப் போகிறவருக்கு பாலியஸ்டர், இரவு மட்டும் கட்டி அவிழ்ப்பவருக்கு நைலான், முற்றத்திலும் தோட்டத்திலும் நிரந்தரமாகப் போடுபவருக்குக் காடா என்று பிரித்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது.

பூச்சு போட்ட துணி படுக்கைக்கு உதவாது. உள்பக்கம் பளபளக்கும் அந்தத் துணி தண்ணீரை விடாது. வியர்வையையும் விடாது. ஆனைக்குட்டத்து மே மாத இரவில் அதில் ஒரு மணி நேரம் படுத்தவர் எழும்போது முதுகு குளித்தது போல இருக்கும். வாயைத் துணியோடு சேர்த்து வைத்து ஊதிப் பார்த்தால் தெரிந்துவிடும். மறுபக்கத்து உள்ளங்கையில் காற்றுப் பட்டால் பூச்சில்லை.

கடையில் செய்யும் சோதனைகள்

நூலின் பருமனைப் பருத்தியில் ‘கவுண்ட்’ என்றும் செயற்கை இழையில் ‘டெனியர்’ என்றும் சொல்வதால் குழப்பம் வரும். இரண்டும் எதிரெதிராக ஓடுபவை. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராமோ அதுவே டெனியர், ஆகவே எண் கூடினால் நூல் தடிக்கும். கவுண்டில் எண் கூடினால் நூல் மெலியும். 5,315-ஐக் கவுண்டால் வகுத்தால் ஏறத்தாழ டெனியர் கிடைக்கும். 40-ஆம் நம்பர் நூல் 133 டெனியர், 80-ஆம் நம்பர் 66 டெனியர். 80-ஆம் நம்பர் பருத்தி நூலும் 70 டெனியர் நைலான் நூலும் பருமனில் அண்ணன் தம்பி. வலுவில் அல்ல. அதே பருமனுக்கு நைலான் பருத்தியைவிட வெகுவாக வலிமையானது. காடா எடையாகவும் நைலான் இலேசாகவும் இருப்பதன் கணக்கு இதில்தான் இருக்கிறது.

சில்லறைக் கடையில் டெனியரையோ சதுர மீட்டர் எடையையோ கேட்டால் விழிப்பார்கள். அதற்கு ஒரு வழி உண்டு. அரை மீட்டர் மாதிரித் துணி வாங்கி, 10 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு துண்டை வெட்டி, நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். வரும் கிராமை நூறால் பெருக்கினால் சதுர மீட்டர் எடை. 0.65 கிராம் காட்டினால் அது 65 கிராம் துணி, எழுபது டெனியர் நைலானுக்கு அருகில். 0.40 காட்டினால் மிக மெல்லிய துணி, புதிதாகத் தைப்பவருக்கு வேண்டாம். 3.3 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் உள்ள படுக்கையின் பரப்பு ஐந்து சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 65 கிராம் நைலானில் அது 320 கிராமும் 130 கிராம் காடாவில் 640 கிராமும் எடை வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சொம்புத் தண்ணீர்கூட இல்லை.

எந்த இழை என்று தெரியவில்லையென்றால் ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி, வெட்டவெளியில், பட்டாசோ தீப்பெட்டிச் சரக்கோ இல்லாத இடத்தில், இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பலை விடும். நைலானும் பாலியஸ்டரும் சுருங்கி உருகி, ஆறியதும் நசுக்க முடியாத மணியாகிவிடும். பாலியஸ்டரில் கரும்புகை கூடுதலாக வரும். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணி சாம்பலும் மணியும் கலந்து விடும். கலப்புத் துணி தொங்குபடுக்கைக்குத் தவறில்லை. ஆனால் ஆலைப் பக்கம் அதைப் பருத்தியாக எண்ணிவிடக் கூடாது.

கடைசிச் சோதனை விரல்நகம். துணியை இரு கைகளிலும் இறுகப் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் ஒரே இடத்தில் நாலைந்து முறை கீற வேண்டும். நூல்கள் விலகி நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அந்தத் துணியை வைத்துவிடலாம். நூல் அறாமலே தையலோரத்தில் விலகித் திறந்துகொள்ளும் துணி அது. எவ்வளவு கெட்டியாகத் தைத்தாலும் அதற்கு மருந்தில்லை.

மதுரை விளக்குத்தூண் சுற்றுவட்டாரக் கடைகளிலும் ஈரோட்டு ஜவுளிச் சந்தையிலும் ரகம் அதிகம். கொசுவலைக்குக் கரூர் பெயர்பெற்றது. வெட்டித் தருகிறார்கள் என்பதற்காகத் துண்டு துண்டாக வாங்காமல் ஒரே நீளமாக வாங்குவது முக்கியம். நீளவாக்கில் ஓடும் பாவு நூல்தான் ஆளின் பாரத்தைத் தாங்கப் போகிறது. அதை நடுவில் ஒட்டுப் போட்டுத் தைத்தால் முழுப் பாரமும் அந்தத் தையலில் விழும். அகலம் போதவில்லையென்றால் பக்கத்தில் ஒரு பட்டை சேர்க்கலாம், அதில் குற்றமில்லை.

அளவும் வெட்டும்

படுப்பவரின் உயரத்தோடு ஏறத்தாழ ஒன்றரை மீட்டரைக் கூட்டினால் தைத்து முடித்த நீளம். ஐந்தரை அடிக்காரருக்கு 3.2 மீட்டர். ஆறடிக்காரர் 3.4 மீட்டருக்குப் போக வேண்டும். அகலம் 1.4 முதல் 1.5 மீட்டர். அகலத்தில் கஞ்சத்தனம் செய்தவருக்கு வாழைப்பழம் போல வளைந்து படுக்கும் படுக்கைதான் வாய்க்கும். தொங்குபடுக்கையில் நேர்நீளமாகப் படுக்கக் கூடாது. தலை ஒரு மூலைப் பக்கமும் கால் எதிர் மூலைப் பக்கமும் சாய்ந்து குறுக்காகப் படுத்தால் முதுகு ஏறத்தாழ சமமாகிவிடும். அதற்கு இடம் தருவதே அகலம். சேலையின் அகலம் 1.2 மீட்டரை ஒட்டியே இருப்பதால் சேலையில் கட்டிய படுக்கையில் குறுக்காகப் படுக்க முடியாமல் போகிறது.

காடா துணியை வெட்டுவதற்கு முன்பு ஒரு முறை தண்ணீரில் ஊறவைத்து, அலசிக் காய வைக்க வேண்டும். கஞ்சி இறங்கி, துணி சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் ஓரம் கோணிக்கொள்ளும். நைலானுக்கு இந்த வேலை இல்லை.

நைலானையும் பாலியஸ்டரையும் கத்தரியால் வெட்டினால் ஓரத்து நூல் பிரிந்து வரும். ஓரத்தைச் சூட்டால் உருக்கி அடைப்பதுதான் வழக்கம். ரிப்பன் நுனியைப் பெண்கள் ஊதுபத்தி நெருப்பில் தொட்டு எடுப்பது போலத்தான் இதுவும். நீளமான ஓரத்துக்கு சால்டரிங் கம்பி வசதி. மரப்பலகை மேல் துணியை விரித்து, இரும்பு ஸ்கேலை ஒட்டிக் கம்பியை நிறுத்தாமல் இழுக்க வேண்டும். நின்றால் அங்கே ஓட்டை. இந்த வேலைக்கு ஜன்னல் திறந்த அறை வேண்டும். அடுத்த அறையில் பட்டாசுப் பெட்டி அடுக்கியிருக்கும் வீட்டில் இதைச் செய்யவே கூடாது. அங்கே கத்தரியால் வெட்டி, ஓரத்தை இரண்டு முறை மடித்துத் தைத்துவிட்டாலே போதும்.

தையல்

வீட்டுக் கால் மிஷின் தாராளமாகப் போதும். தடித்த துணிக்கான பெரிய மிஷின்தான் வேண்டும் என்பது தவறான எண்ணம். இங்கே துணி மெல்லியது, சிக்கலும் மெல்லியதால்தான் வருகிறது.

ஊசி புதிதாக இருக்க வேண்டும். நைலானுக்கு 11-ஆம் எண், காடாவுக்கு 14. ஜீன்ஸ் தைத்து மழுங்கிய 16-ஆம் எண் ஊசியோடு நைலானைத் தொட்டால் ஒவ்வொரு குத்திலும் ஒரு நூலை அறுத்துக்கொண்டே போகும். நூல் பாலியஸ்டராக இருக்க வேண்டும். மதுரைக்காரர்கள் ஹார்வி மில் என்று சொல்லும் ஆலையிலிருந்து தையல் நூல் ஊர் ஊராகப் போன காலத்தில் பருத்தி நூலே எங்கும் புழங்கியது. சட்டைக்கு அது அழகு. வெயிலிலும் மழையிலும் தொங்கும் பொருளுக்கு அது மக்கிவிடும். டிக்கெட் 120 என்று அட்டையில் குறித்த நூல் ஓரங்களுக்கும் அதைவிடத் தடித்த டிக்கெட் 75 பார வேலைக்கும் சரி. அதைவிட முரட்டு நூல் வேண்டாம். துணியைவிட வலுவான நூல் துணியை அறுக்கும்.

தையல் நெருக்கம் அங்குலத்துக்கு எட்டு அல்லது ஒன்பது. கெட்டியாக இருக்கட்டும் என்று பதினைந்து போட்டால் ரசீதுப் புத்தகத்துத் துளைவரி போல ஆகிவிடும். சிவகாசிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இழுத்தால் அந்தக் கோட்டோடு நேர்த்தியாகக் கிழியும்.

வழுக்கும் நைலானுக்கு மிஷின் பல் பிடி கொடுக்காது. கீழ் மடிப்பு முன்னே போகும், மேல் மடிப்பு பின்தங்கும், தையல் சுருக்கம் விழும். அனுபவத் தையல்காரர்கள் ஒரு கையால் பின்னாலும் ஒரு கையால் முன்னாலும் துணியை மெல்லத் தாங்கி, இழுக்காமல் விறைப்பாக மட்டும் வைத்திருப்பார்கள். அது கைவரும்வரை பழைய செய்தித்தாளை இரண்டு அங்குலப் பட்டையாகக் கிழித்துத் துணிக்கு அடியில் கொடுத்துத் தைக்கலாம். முடிந்ததும் தாளைக் கிழித்து எடுத்துவிடலாம். மேல்நூல் டென்ஷனைச் சற்றுத் தளர்த்தி, வெட்டி மீந்த துண்டில் ஒரு சாண் தைத்து, கீழே கண்ணி விழுகிறதா, மேலே சுருங்குகிறதா என்று பார்த்த பிறகே படுக்கையில் கை வைக்க வேண்டும். குண்டூசி நைலானில் நிரந்தர ஓட்டை விடும். கொடியில் துணி மாட்டும் கிளிப்பு போதும்.

முதலில் நீளப் பக்க ஓரங்கள். ஒரு சென்டிமீட்டர் மடித்து, மறுபடி ஒரு சென்டிமீட்டர் மடித்து, உள்மடிப்பின் ஓரத்தை ஒட்டி ஒரே கோடாகத் தைக்க வேண்டும். ஆலைக் கரை கெட்டியாகத்தானே இருக்கிறது என்று சிலர் மடிக்காமல் விடுவார்கள். அந்தக் கரை துணியைவிடக் குறைவாக இழுபடும் ரகமாக இருந்தால் ஓரத்திலேயே பாரம் சேர்ந்துவிடும். மடித்துத் தைப்பதே நல்லது.

பிறகு இரண்டு முனைகள். ஒரு சென்டிமீட்டர் உள்ளே மடித்து, மறுபடி நான்கு சென்டிமீட்டர் மடித்தால் கயிறு நுழையும் குழாய் போன்ற மடிப்பு கிடைக்கும். பாவாடை நாடாவுக்குத் தைக்கும் அதே மடிப்புதான். பாவாடைக்கு ஒரு கோடு. இதற்கு மூன்று. உள்மடிப்பின் ஓரத்தை ஒட்டி முதல் கோடு, அதிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி இரண்டாவது, மேலும் அரை சென்டிமீட்டரில் மூன்றாவது. ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒன்றரை சென்டிமீட்டர் முன்னும் பின்னுமாகத் தைத்துப் பூட்ட வேண்டும். கயிறு இந்த மடிப்பை உள்ளிருந்து இழுக்கும்போது முதலில் பிரிவது எப்போதும் இந்த இரு நுனிகள்தான்.

மடிப்புக்குள் கயிற்றை நுழைத்து, அதன் இரு நுனிகளையும் கண்ணியாக்கி இழுத்தால் துணி மல்லிகை மொட்டு போலக் குவியும். குவிக்கும்போது மடிப்புகள் சீராக விழுகின்றனவா என்று விரலால் நீவிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்தால் படுக்கும்போது ஒரு ஓரம் விறைத்து முழங்காலைக் குத்தும்.

இருட்டில் நீர்க்கரையில் படுப்பவருக்கு ஒற்றை நைலான் துணி போதாது. கீழிருந்து கொசு துணியோடு சேர்த்துக் கடிக்கும். அதே அளவில் இன்னொரு துணியை வைத்து, இரண்டையும் பக்க ஓரத்தில் சேர்த்துத் தைத்து, ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு முழம் திறப்பு விட்டால், நடுவில் மெல்லிய பாயோ மடித்த போர்வையோ செருகலாம். கொசு ஊசிக்கு அந்த இடைவெளி எட்டாது.

கயிறும் மரமும்

ஆள் எடையைப் போல ஐந்து மடங்கு அறுபடு வலு உள்ள கயிறு வேண்டும். எழுபது கிலோவுக்கு 350 கிலோ. படுத்துக் கிடக்கும்போது இவ்வளவு தேவைப்படாது. ஆனால் தொப்பென்று உட்காரும் கணத்தில் பாரம் இரண்டு மூன்று மடங்கு ஏறும். தேங்காய் நார்க் கயிறு வெயிலுக்கும் மழைக்கும் உள்ளே மக்கி வெளியே நல்லதாகவே தெரியும். அதை நம்ப வேண்டாம். பாலியஸ்டர் பின்னல் கயிறு இழுபடாது. மரத்தைச் சுற்றிக் கட்டும் இடத்தில் மட்டும் ஓர் அங்குல அகலப் பாலியஸ்டர் நாடா. கயிறு மரப்பட்டையை அறுக்கும், நாடா அறுக்காது.

இரண்டு முனைகளுக்கும் இடையே தனியாக ஒரு மெல்லிய கயிறு கட்டிவிடும் பழக்கம் நல்லது. அதன் நீளம் படுக்கை நீளத்தில் 83 விழுக்காடு, 3.3 மீட்டர் படுக்கைக்கு 2.74 மீட்டர். மரங்கள் நெருங்கியிருந்தாலும் விலகியிருந்தாலும் துணியின் தொய்வு இதனால் மாறாது. ஒரு முறை பொருந்திய சுகம் ஒவ்வொரு இடத்திலும் பொருந்தும். கொசுவலையைத் தொங்கவிடவும் அதே கயிறு.

மரங்களுக்கு நடுவே 12 முதல் 15 அடி இருக்கலாம். வேம்பும் புளியும் நல்ல தாங்கிகள். புளிய மரத்தடியில் தூங்கக் கூடாது என்ற பழைய பேச்சு ஒரு பக்கம் இருக்கட்டும், கட்டுவதற்குப் புளியைப் போல மரமில்லை. பனை தாங்கும். ஆனால் காய்ந்த மட்டையும் நுங்குக் குலையும் தலைக்கு மேல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முருங்கை எவ்வளவு பருத்திருந்தாலும் கட்டக் கூடாது, சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும் மரம். சீமைக் கருவேலத்தில் தடித்த தண்டு கிடைத்தால்கூட, காற்றுக்கு ஆடும் கிளை முள் துணியைத் தொடாத தூரம் வேண்டும். துணிக்கு அடியில் தரையில் கிடக்கும் காய்ந்த முள்ளைக் கூட்டித் தள்ளிவிட்டே கட்ட வேண்டும்.

அணையின் ஷட்டர் கம்பி, கைப்பிடிச் சுவர் முதலியவற்றில் கட்டக் கூடாது. இரவுத் தங்கலுக்கு நீர்வளத் துறையினரிடம் கேட்டுக்கொள்வது முறை. மேற்கே மலையடிவாரத்துக்குப் போகிறவர்கள் அது 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும் 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட காடு என்பதை நினைவில் வைக்க வேண்டும். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே தங்க முடியாது.

முதல் ஏற்றம்

புதிதாகத் தைத்ததில் ஆள் ஏறக் கூடாது, தண்ணீர் ஏற வேண்டும். படுக்கையின் அடிப்பகுதி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்குமாறு கட்டி, பழைய போர்வையை உள்ளே விரித்து, 20 லிட்டர் தண்ணீர்க் கேன்களை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். எழுபது கிலோ ஆளுக்கு ஐந்து கேன் வைத்து, அரை மணி நேரம் விட்டுப் பார்க்கலாம். கேனை இறக்கிய பின் முனை மடிப்புகளை வெளிச்சத்தில் பிடித்தால் தையல் ஓட்டைகள் நீளவாக்கில் இழுபட்டிருக்கின்றனவா என்று தெரியும். சிறு புள்ளிகளாக இருந்தால் சரி. கோடு கோடாகத் திறந்திருந்தால் துணி மெலிது அல்லது தையல் நெருக்கம் அதிகம். பிரித்துத் தைப்பதற்கு அது கடைசி வாய்ப்பு.

அதன்பின் ஆள் உட்காரலாம். முதலில் நடுவில் அமர்ந்து, துணியைக் கையால் விரித்துப் பிடித்து, பிறகே கால்களைத் தூக்க வேண்டும். இடுப்புச் சாவிக்கொத்து, ஜீன்ஸ் குமிழ், கால் மெட்டி, கொலுசு ஆகியவற்றைக் கழற்றி வைப்பது நைலானின் ஆயுளைக் கூட்டும். கிழிசல்களில் பாதிக்கு மேல் பாரத்தால் வருவதில்லை, இப்படிப்பட்ட சிறு உலோகங்களால் வருகிறது என்பது பழைய படுக்கைகளைப் பழுது பார்ப்பவர்களின் அனுபவம். படுக்கை உயரம் நாற்காலி உயரத்தைத் தாண்ட வேண்டாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இரவில் அவிழ்த்து வைத்துவிட வேண்டும். குவிந்த துணிக்குள் சுற்றிக்கொண்டால் குழந்தையால் தானாக வெளிவர முடியாது.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மேலே ஒரு விரிப்பு தேவை. முன்பு ஒதுக்கிய பூச்சுத் துணி இங்கே பயன்படும், 3 மீட்டர் சதுரம் போதும். இந்த ஊர்களில் சும்மா கிடைக்கும் பழைய ஃபிளக்ஸ் பேனரும் மழையைத் தடுக்கும். தோட்டத்தில் கட்ட அது போதும், தூக்கிக்கொண்டு போக அல்ல.

துவைக்க மென்மையான சோப்பு, குளிர்ந்த தண்ணீர், நிழலில் உலர்த்தல். பிளீச்சிங் வேண்டாம். நைலானுக்கு வெயில் கறையான் போன்றது. நிறம் வெளுத்த இடத்தில் துணியைக் கையால் இழுத்துப் பார்த்து, சர்ரென்று கிழிந்தால் அந்தத் துணியை இனி பையாகத் தைத்துக்கொள்ளலாம். முள் குத்திய சிறு ஓட்டை நடுத்துணியில் இருந்தால் இரு பக்கமும் அதே துணியில் வட்டமான ஒட்டுப் போட்டுத் தைக்கலாம். சதுர ஒட்டு வேண்டாம், மூலைகளில் மறுபடி கிழியும். ஓட்டை முனை மடிப்பிலிருந்து ஒரு முழத்துக்குள் இருந்தால் ஒட்டுப் போடாமல், அந்தப் பகுதியை வெட்டிவிட்டு முனை மடிப்பைப் புதிதாகத் தைக்க வேண்டும். நீளம் அரை மீட்டர் குறையும். அப்போது அது உயரம் குறைந்த வேறொருவருக்கான படுக்கை.